ஏடிபிக்கு எவ்வளவு ஆண்ட்ராய்டு வேண்டும்?

ஏடிபி என்பது ஆண்ட்ராய்டு போனையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கிற சின்ன நிரல். கட்டி முடித்த பைனரி, அதாவது ஓடத் தயாரான கோப்பு, சில எம்பிதான் இருக்கும். ஆனால் அதன் சோர்ஸ், அதாவது எழுதிய மூலக் கோடு, இருப்பது ஏஓஎஸ்பி என்கிற ஆண்ட்ராய்டின் மொத்த சோர்ஸ் மரத்துக்குள். அந்த மரத்தை இறக்க 250 ஜிபி, கட்ட மேலும் 150 ஜிபி, ரேம் குறைந்தது 64 ஜிபி என்கிறது கூகுளின் ஆவணம். தக்கலையில் என் மேசைமேல் இருக்கிற லேப்டாப்பில் டிஸ்க்கை எல்லாம் துடைத்துவிட்டு முயன்றால் ஒருவேளை இடம் பற்றும். ரேம் அவர்கள் கேட்பதில் கால்வாசி.

நல்லவேளையாக மொத்த மரமும் நமக்கு வேண்டாம். ஏடிபி, போனில் சிஸ்டத்தை எழுதுகிற ஃபாஸ்ட்பூட், அவற்றோடு போகிற சில கருவிகள், இவற்றை மட்டும் பிரித்தெடுத்து, டெபியன் என்கிற லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கான பேக்கேஜாக ஆக்கினால் போதும். அந்த வேலையில் நானும் அவ்வப்போது கைவைப்பதுண்டு. பேட்ச் என்கிற கோடுத் திருத்தங்களை அனுப்புவேன், லைசென்ஸ் பார்ப்பேன், புது வெர்ஷனைக் கட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று எழுதுவேன். பெரிய பொறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் இதில் உட்கார்ந்த பிறகுதான், எதையெல்லாம் எடுக்கிறோம் என்பதைவிட எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது என்று பிடிபட்டது.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே என் பள்ளித் தோழன் ஒருவன் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். விண்டோஸ் தொல்லை வேண்டாம் என்று டெபியனை அடியாகக் கொண்ட ஒரு டிஸ்ட்ரோவைப் போட்டுக் கொடுத்திருந்தேன். சார்ஜிங் போர்ட் போன போன்கள்தான் அவன் கடைக்கு அதிகம் வரும். கேபிள் செருக வழியில்லாத போனிலிருந்து படங்களை எடுக்க வைஃபை வழியாக இணைக்க வேண்டும். ஒருநாள் கூப்பிட்டான்.

"மக்கா, எனக்க லேப்டாப்புல பேர்னு ஒரு கமாண்டே கிடையாதுன்னு சொல்லுது. யூடியூப்ல எல்லாவனுக்கும் வேல செய்யுது. நீ இதத்தான ராத்திரி முழுக்க இருந்து பாக்க?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கேபிள் இல்லாமல், போனில் வரும் ஆறு இலக்க எண்ணைத் தட்டிக் கம்ப்யூட்டரைச் சேர்க்கிற வசதி 2020-ல் ஆண்ட்ராய்டு 11-உடன் வந்தது. அதற்கான 'பேர்' (pair, ஜோடி சேர்) கட்டளை அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான பிளாட்ஃபார்ம் டூல்ஸ் 30-ல் சேர்ந்தது; ஏடிபியும் ஃபாஸ்ட்பூட்டும் அடங்கிய கூகுளின் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இருந்ததோ 29.0.6. ஒரே ஒரு படி கீழே. டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தபோதுதான் 34 வரிசைக்கு ஏறியது.

"ஒரு கமாண்டுக்கு இவ்வளவு வருசமாடே? சைட்ல ஜிப் சும்மா கெடக்குல்லா, எடுத்து உள்ள போட வேண்டியதுதான?"

கூகுளின் தளத்தில் கட்டி முடித்த ஜிப் சும்மா கிடக்கிறது என்பது உண்மைதான். எடுத்துப் போடத்தான் முடியாது. அந்த ஜிப்பை இறக்கும்போது ஓர் ஒப்பந்தத்துக்குச் சரி சொல்லிவிட்டுத்தான் இறக்குகிறோம். யாரும் படிப்பதில்லை, டிக் அடித்துவிட்டுப் போகிறோம். டெபியனில் ஒரு பேக்கேஜ் நுழைய வேண்டுமானால் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மறுபடி கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும்; 1997-ல் எழுதிவைத்த கட்டற்ற மென்பொருள் வழிகாட்டி நெறிகள் கேட்பது அதைத்தான். ஏஓஎஸ்பியின் சோர்ஸில் பெரும்பகுதி அப்பாச்சி 2.0 லைசென்ஸில் இருப்பதால் அதற்குத் தடையில்லை. அதோடு, அந்த லினக்ஸ் ஜிப் பல ஆண்டுகளாக இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்கு மட்டும்தான். ராஸ்பெரி பை மாதிரி ஆர்ம் பிராசசர் உள்ள கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? சோர்ஸிலிருந்து நாமே கட்டினால் ஆர்ம் கருவிகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

சரி, கட்டுவோம் என்று உட்கார்ந்தால் முதல் கேள்வி: ஏடிபி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

ஏஓஎஸ்பி ஒரே கிட் களஞ்சியம், அதாவது சோர்ஸையும் அதன் மாற்றங்களையும் சேர்த்துவைக்கிற ஒரே கிடங்கு, கிடையாது; நூற்றுக்கணக்கான களஞ்சியங்களின் கூட்டம். எது எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று ஓர் எக்ஸ்எம்எல் மேனிஃபெஸ்ட் சொல்லும். ரெப்போ என்கிற கருவி அதைப் படித்து எல்லாவற்றையும் இறக்கி அடுக்கும். அடுக்கியதைச் சூங் என்கிற பில்ட் சிஸ்டம் கட்டும். ஒவ்வொரு கோப்புறையிலும் ப்ளூபிரிண்ட் கோப்பு ஒன்று கிடக்கும். பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற கோடுத் தொகுப்புதான் லைப்ரரி; இந்த லைப்ரரிக்கு இன்னின்ன லைப்ரரிகள் வேண்டும் என்று அந்தக் கோப்பு பெயர் மட்டும் சொல்லும், எங்கே இருக்கின்றன என்று சொல்லாது. சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மொத்த மரமும் டிஸ்க்கில் இருக்கிறது என்று நம்பித்தான் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டிருக்கிறது.

நம்மிடம் மரமும் இல்லை, சூங்கும் இல்லை. ஆகவே ப்ளூபிரிண்ட் கோப்பை மனிதக் கண்ணால் படித்து, அது சொல்வதை மேக்ஃபைல் என்கிற கட்டும் குறிப்பாகக் கையால் எழுத வேண்டும். ஒரு லைப்ரரிக்கு ஒரு மேக்ஃபைல். எந்தெந்த சி பிளஸ் பிளஸ் கோப்புகள், எந்தக் கம்பைலர் கொடிகள், எதோடு இணைக்க வேண்டும் என்று. அப்ஸ்ட்ரீமில், அதாவது சோர்ஸை எழுதுகிற கூகுள் பக்கத்தில், ஒரு கோப்பு புதிதாகச் சேர்ந்தால் நம் மேக்ஃபைலுக்குத் தெரியாது. லிங்க் ஆகும்போது ஏதோ ஒரு ஃபங்ஷனைக் காணோம் என்று கத்தும். அப்போது போய்த் தேட வேண்டும்.

ஏடிபியை எடுத்துக்கொண்டு அதன் வாலைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். லிப்பேஸ், லிப்லாக், லிப்கட்டில்ஸ் என்று ஆண்ட்ராய்டுக்கே உரிய சில்லறை லைப்ரரிகள். இவற்றை நாமே கட்ட வேண்டும். அப்புறம் இசட்-ஸ்டாண்டர்டு, எல்இசட்4, பிராட்லி. கோப்பு அனுப்பும்போது சுருக்கி அனுப்ப இவை. ஏஓஎஸ்பியில் 'எக்ஸ்டர்னல்' என்ற கோப்புறைக்குள் இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பிரதி உண்டு. டெபியனிலோ ஏற்கெனவே தனிப் பேக்கேஜாக இருக்கின்றன; அந்தப் பிரதிகளை விட்டுவிட்டு டெபியனுடையதோடு இணைத்துவிடலாம். யூஎஸ்பி லைப்ரரியும் புரோட்டோபஃபும் அப்படியே. இதுவரை சுகம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஃபாஸ்ட்-டிப்ளாய் என்றொரு பகுதி வரும். ஆப்பைப் போனில் வேகமாக நிறுவ உதவுகிற அதற்குள் ஒரு ஜாவா நிரல் இருக்கிறது. ஜார் கோப்பாகக் கட்டி, அதை பைட்டுகளாக ஏடிபி பைனரிக்குள்ளேயே பொதிந்துவைக்கிறார்கள். ஆக, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய ஒரு சின்னக் கருவியைக் கட்ட ஜாவா கம்பைலரும், ஜாவாவை ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி மாற்றுகிற கருவியும் வேண்டும். அந்தக் கருவியைக் கட்ட என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால் 250 ஜிபியும் வந்து வாசலில் நிற்கும்.

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் செய்வதும் இதே மாதிரி ஒரு வேலைதான். கடற்கரை மணல் ஒன்றாகத்தான் வரும். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், ரூட்டைலையும் சிர்கானையும் மின்சாரம் கடத்துவதை வைத்துப் பிரிப்பார்கள், மோனசைட் தனியாகப் போகும். அங்கே ஒரு வசதி, இல்மனைட் துகளுக்குச் சிர்கான் துகளின் துணை தேவையில்லை. இங்கே நான் எடுக்கிற ஒவ்வொன்றும் நான் விட்டுவிட்டு வந்த இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

சிலது ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிக் கூப்பிடும். நிரல் விழும்போது எந்த ஃபங்ஷனிலிருந்து விழுந்தது என்று தேடிச் சொல்கிற லைப்ரரிக்கு, ஆண்ட்ராய்டு ரன்டைமான ஆர்ட்டின் ஒரு துண்டு வேண்டும். ஆர்ட்டுக்கோ அந்தத் தேடுகிற லைப்ரரி வேண்டும். ஒரே மரமாக இருக்கும்போது இது யாருக்கும் உறைக்காது. தனித்தனி சோர்ஸ் பேக்கேஜாகப் பிரித்துப் பாருங்கள், எதை முதலில் கட்டுவது? டெபியனில் முன்பு சிஸ்டம்-கோர் ஒரு பேக்கேஜ், ஃப்ரேம்வொர்க்ஸ்-நேட்டிவ் ஒரு பேக்கேஜ் என்று களஞ்சியத்துக்கு ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள். பின்னால் கருவிகளுக்குத் தேவையான துண்டுகளைச் சேர்த்து, பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்று ஒரே சோர்ஸ் பேக்கேஜாக்கினார்கள். பார்க்க அழகாக இருந்தது பழைய முறைதான். எனக்குப் பிடித்தது புதியது. வெர்ஷனைக் குறிக்கிற ஒரு டேக், அந்த சோர்ஸையெல்லாம் சுருட்டிய ஒரு டார்பால், ஒரு பில்ட். ராத்திரி பத்து மணிக்குமேல் உட்காருகிறவனுக்கு அழகைவிட இது முக்கியம்.

சேர்த்ததில் இன்னொரு லாபமும் உண்டு. ஆண்ட்ராய்டு 11, 12 காலத்தில் அப்ஸ்ட்ரீம் வீட்டைப் பெருக்கி மாற்றி அடுக்கியது. சிஸ்டம்-கோருக்குள் இருந்த ஏடிபி வேறு களஞ்சியத்துக்குப் போனது. லிப்லாக், லிப்பேஸ், ஜிப் கோப்பு பிரிக்கும் லைப்ரரி ஒவ்வொன்றும் தனிக் களஞ்சியம் ஆனது. ஃபாஸ்ட்பூட் மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்கு இது மேனிஃபெஸ்ட்டில் சில வரி மாற்றம். நமக்கு எல்லாப் பேட்ச்களிலும் பாதை மாறிவிட்டது, டார்பால் சேர்க்கிற ஸ்கிரிப்ட் மாறிவிட்டது, லைசென்ஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் மாறிவிட்டது. இதில் யார்மேலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் எந்தக் கோட்டில் வெட்டியிருக்கிறோம் என்பதை அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படி.

பிரதிகளை விடுவது பற்றிச் சொன்னேன். அது சுத்தம் பார்க்கிற பழக்கத்தால் வந்ததென்று சிலர் நினைக்கிறார்கள். 2002-ல் இசட்லிப் என்கிற சுருக்கும் லைப்ரரியில் ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கிற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இசட்லிப்பைத் திருத்துவது சின்ன வேலை. அதன் பிரதியைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிற நிரல்கள் எவையெவை என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாகிப்போனது. ஒரே ஒரு இசட்லிப், எல்லாரும் அதோடு இணைந்திருந்தால், அதைத் திருத்திய அன்றே எல்லாம் திருந்திவிடும். டெபியன் கொள்கை ஆவணமே பிரதிகளை உள்ளே வைக்காதீர்கள் என்கிறது.

அதற்கும் விலக்கு உண்டு. ஏடிபியில் அது போரிங்எஸ்எஸ்எல் என்கிற கிரிப்டோ லைப்ரரி, அதாவது தகவலை ரகசியமாக்குகிற லைப்ரரி. ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து கூகுள் 2014-ல் கிளைத்தெடுத்தது. வெளியார் இதை நம்பி எதையும் கட்ட வேண்டாம், இடைமுகம் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று அதன் ரீட்மீயிலேயே எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நேர்மையாகக் கதவைச் சாத்துகிற ரீட்மீயை நான் அதிகம் பார்த்ததில்லை. சரி, ஓப்பன்எஸ்எஸ்எல்லை மாட்டிவிடலாம் என்றால், தோழன் கேட்ட அந்தப் 'பேர்' கட்டளை குறுக்கே நிற்கிறது. ஆறு இலக்க எண்ணை வைத்து இரண்டு பக்கமும் ரகசியச் சாவி உருவாக்க ஸ்பேக்2 என்கிற முறையை ஏடிபி பயன்படுத்துகிறது. வைஃபையில் நடுவே யாராவது ஒட்டுக்கேட்டாலும் அந்த ஆறு இலக்கத்தை ஊகித்துவிட முடியாதபடி செய்கிற கணக்கு அது. போரிங்எஸ்எஸ்எல்லில் அது உண்டு, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கிடையாது. அதை நாமே எழுதி ஒட்டலாமா என்றால், கிரிப்டோவில் கைவைக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆகவே அந்தப் பிரதி உள்ளே வந்தே தீரும். டெபியனில் அதற்கென்று தனிப் பேக்கேஜே இருக்கிறது.

உள்ளே வந்ததை எங்கே வைப்பது? ஆண்ட்ராய்டு லைப்ரரிகளுக்கு வெர்ஷன் எண் கிடையாது. போனில் எல்லாமே ஒன்றாகக் கட்டி ஒன்றாகப் போவதால் தேவைப்படவில்லை. டிஸ்ட்ரோவில் அப்படி விட்டால் நாளைக்கு ஒரு லைப்ரரி மாறி, அதை நம்பியிருந்த நிரல் சத்தமில்லாமல் விழும். அதனால் நாமே பூஜ்யம் என்று ஒரு எண்ணைப் பின்னால் ஒட்டி, பொது லைப்ரரிகளோடு கலக்காமல் 'ஆண்ட்ராய்டு' என்ற தனிக் கோப்புறையில் வைத்து, ஏடிபியிடம் இங்கே தேடு என்று பைனரியிலேயே பாதை எழுதிக் கொடுக்கிறார்கள். வேறு யாரும் தெரியாமல்கூட இதோடு இணைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஒதுக்குப்புறம்.

இனி கம்பைலர். அப்ஸ்ட்ரீம் கிளாங் மட்டும்தான் பயன்படுத்துகிறது. ஜிசிசியில் என்ன ஆகும் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அதைவிட வேடிக்கை சி லைப்ரரி. ஆண்ட்ராய்டின் சி லைப்ரரியான பயானிக்கில் எழுத்துகளை நகலெடுக்கிற எஸ்டிஆர்-எல்-காப்பி என்ற ஃபங்ஷன் உண்டு. லினக்ஸின் ஜிலிப்சியில் அது வேண்டுமா வேண்டாமா என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டு, கடைசியில் 2023-ல் வந்த 2.38 வெர்ஷனில் சேர்த்தார்கள். அதுவரை பிஎஸ்டி இயங்குதளத்திலிருந்து அதைக் கொண்டுவருகிற ஒரு லைப்ரரியை இடையில் செருகித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இப்படி வருடங்கள் சுமந்த ஒரு பேட்ச்சைத் தூக்கிப் போடுகிறபோது வருகிற சந்தோஷம் தனி. புதுக் கருவி வந்த சந்தோஷத்தைவிட அது கொஞ்சம் கூடுதல் என்றுகூடச் சொல்வேன்.

அதிகம் நேரம் தின்பது கோடே கிடையாது, லைசென்ஸ் கோப்பு. எந்தக் கோப்பு யாருடையது, எந்த லைசென்ஸ் என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். அப்பாச்சி என்று மேலே போட்டிருக்கும். உள்ளே நடுவில் ஒரு ஹெடர் கோப்பு பிஎஸ்டியாக இருக்கும், இன்னொன்று எம்ஐடியாக இருக்கும், ஒன்றில் ஒன்றுமே எழுதியிருக்காது. இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ராத்திரிகளில் இந்த வேலை தோதுப்படும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, நீளமான பில்டைத் தொடங்கினால் பாதியில் நிற்கும். லேப்டாப் பேட்டரியில் கோப்புகளின் தலைப்பகுதியை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டே போகலாம். அப்படிப் படிக்கும்போதுதான் சோதனைக்கென்று வைத்திருக்கிற தயார் ஏபிகே கோப்புகள், சோர்ஸ் இல்லாத பைனரிகள் எல்லாம் கண்ணில் படும். அவை டெபியனுக்குள் வரக் கூடாது. லைசென்ஸ் கோப்பின் தலையிலேயே, இந்த இந்தக் கோப்புகளை விலக்கு என்று எழுதிவிட்டால், டார்பால் இறக்குகிற கருவி அவற்றை நீக்கிவிட்டு மறுபடி கட்டித் தரும். அப்படிக் கட்டியது என்பதற்கு வெர்ஷன் எண்ணின் வாலில் ஒரு குறி சேரும்.

டார்பால் என்றதும் 2024 நினைவுக்கு வருகிறது. எக்ஸ்இசட் என்கிற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ பின்கதவு வைத்திருப்பதை அந்த ஆண்டு மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்கிற நிரலாளர் வெளியே சொன்னார். அதைக் கிளப்பிவிடுகிற பில்ட் ஸ்கிரிப்ட் வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார்பாலில் மட்டும் இருந்தன. ஏஓஎஸ்பியில் அப்படி ஒருவர் உட்கார்ந்து டார்பால் தயாரிப்பதில்லை. டேக்கிலிருந்து நேரே எடுக்கலாம். அந்த மட்டும் நிம்மதி. ஆனால் ஏஓஎஸ்பியின் சோர்ஸ் தளத்தில் ஒரே டேக்கை இரண்டு முறை டார்பாலாக இறக்கினால் இரண்டின் செக்சம், அதாவது கோப்பைச் சரிபார்க்கிற எண், வேறாக இருக்கும்; கேட்கும்போதுதான் அவ்வப்போது அதைச் சுருட்டித் தருகிறார்கள். உள்ளே கோப்புகள் ஒன்றுதான், வெளி உறைதான் மாறுகிறது. இதைத் தெரியாமல் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தால் பதறிப்போவார்.

புது பைனரி பேக்கேஜ் பெயர் ஒன்றைச் சேர்த்தால் டெபியனில் 'நியூ' வரிசையில் போய் நிற்க வேண்டும். ஆர்க்கைவ் பார்ப்பவர்கள் லைசென்ஸை முதலிலிருந்து சரிபார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அதனால் லைப்ரரியைப் பிரிக்கலாமா சேர்க்கலாமா என்று யோசிக்கும்போது அந்தக் காத்திருப்பும் கணக்கில் வரும். தோழனிடம் இதைச் சொன்னபோது, "தாலுகா ஆபீஸ் மாதிரியா?" என்றான். இங்கே பார்க்கிறவர்களும் சம்பளமில்லாமல் பார்க்கிறார்கள் என்றேன். "அப்ப எதுக்குடே பாக்காங்க?" என்றான். மரச்சீனியும் மீன்கறியும் வந்துவிட்டதால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

இப்போது எனக்கு முன்னால் இருப்பது எம்டிஎன்எஸ் பகுதி. ஒரே வைஃபையில் இருக்கிற போனை ஏடிபி தானாகக் கண்டுபிடிக்க உதவுவது. முதலில் ஆப்பிளின் பான்ஜர் கோடை வைத்துச் செய்திருந்தார்கள். பிறகு குரோமியம் பக்கத்திலிருந்து வரும் ஓப்பன்ஸ்க்ரீன் என்கிற லைப்ரரிக்கு மாறிக்கொண்டார்கள். ஓப்பன்ஸ்க்ரீனை எடுத்தால் அது இன்னொரு பெரிய மரத்தின் கிளை. அதன் பில்ட் முறை வேறு, அது கூப்பிடுகிற லைப்ரரிகள் வேறு. விட்டால் தானாகக் கண்டுபிடிக்கிற வசதி போகும். போனின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் திரையில் பார்த்துக் கையால் தட்ட வேண்டும். மற்றபடி 'பேர்' ஒழுங்காக நடக்கும்.

என் ஓட்டு விடுவதற்குத்தான். ஒரு வரி தட்டுகிற சிரமத்தை மிச்சம் பிடிக்க, யாரோ ஆண்டுக்கணக்கில் ஓட்டை அடைக்க வேண்டிய ஒரு மரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர்க்கட்சிக்கும் வலுவான காரணம் இருக்கிறது: வலையில் இருக்கிற பாடங்கள் எல்லாம் அந்த வசதி உண்டு என்று வைத்துத்தான் பேசுகின்றன, தட்டிப் பார்த்து வராதவர் பேக்கேஜைத்தான் திட்டுவார். ஆகவே விடுவதாக இருந்தால் பேட்ச்சின் தலையில் காரணத்தையும், பேக்கேஜோடு போகிற ரீட்மீயில் மாற்றுவழியையும் எழுதிவிட வேண்டும். ரீட்மீ வரைவு பாதி ஆகியிருக்கிறது. ஓப்பன்ஸ்க்ரீன் இல்லாமல் ஏடிபி லிங்க் ஆகிறதா என்று ஆர்ம் கருவியில் இன்னும் கட்டிப் பார்க்கவில்லை. இந்த வாரம் மழை விட்டால் அதைத் தொடங்க வேண்டும்.